இதுதான் என் கிட்னி

அண்ணன் என்னை மனிதர்களுக்கு அறிமுகம் செய்யும் விதமே தனி. கல்யாண வீடானாலும் சரி, துக்க வீடானாலும் சரி, வங்கியில் நிற்கும் வரிசையானாலும் சரி, எதிரே ஓர் ஆள் அகப்பட்டால் போதும். என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளி, "இதுதான் என் கிட்னி" என்பான். அந்த ஆள் திருதிருவென்று முழிப்பார். அண்ணனுக்கு வேண்டியது அந்த முழிப்புதான். உடனே சட்டையைத் தூக்கி, விலாவுக்குக் கீழே ஓடும் தழும்பைக் காட்டி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கைக்கு உயிர் கொடுத்த கதையை ஆரம்பித்துவிடுவான். அந்தக் கதையில் அவன் வருவான், பெரிய டாக்டர் வருவார், கடவுள்கூட ஓரிடத்தில் தலைகாட்டிவிட்டுப் போவார். நான் அந்தக் கிட்னியைப் போட்டு வைத்திருக்கும் டப்பா.

நன்றி இல்லாதவள் என்று நினைக்க வேண்டாம். என் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய், டயாலிசிஸ் மெஷினுக்கும் கட்டிலுக்குமாகக் கிடந்தபோது, கட்டிய புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொண்டான். அண்ணன்தான் ஓடி வந்து, எடுத்துக்கொள் என்று கொடுத்தான். அன்றிலிருந்து அவன் வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் நன்றியையும் ஒரே வாயில் பன்னிரண்டு வருஷம் அதக்கிக்கொண்டே இருந்தால் அது ஊசிப்போய்விடுகிறது.

சாப்பாட்டு மேஜையில் விருந்தாளிகளை வைத்துக்கொண்டே கேட்பான், இன்றைக்கு மூத்திரம் எவ்வளவு போனது, என்ன நிறம் என்று. விருந்தாளியின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கும். நான் கழிவறையை விட்டு வெளியே வந்தால் அவன் உள்ளே எட்டிப் பார்ப்பான். நான் தண்ணீர் ஊற்றியிருந்தால் முகம் சுண்டிப்போய், "அவசரக்குடுக்கை" என்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, என் வாரத்து மாத்திரைகளை அறை அறையாகப் பிரித்த பெட்டியில் அவனே நிரப்புவான். யாரையும் தொட விடமாட்டான். தன் வண்டிக்கு எண்ணெய் போடும்போதும் அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

அருவருப்பு எனக்குத் தொழில். பல் கட்டும் லேபில் வேலை செய்கிறேன். டாக்டர்களிடமிருந்து வாய் அச்சுகள் வரும். எச்சில் காயாமல், சில சமயம் முந்தின வேளைச் சாப்பாட்டின் துணுக்கோடு வரும். கிட்னி வைத்த பிறகு முதலாளி என்னை அச்சுப் பக்கம் விடாமல், பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றும் மேஜைக்கு மாற்றிவிட்டார். காரணம், மாற்று உறுப்பை உடம்பு துரத்தாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூங்க வைத்துவிடும். அடுத்தவன் தும்மினால் நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். ஆகவே தும்மல், இருமல், ஈ மொய்த்த பண்டம், கழுவாத பழம், ஒருவர் குடித்த டம்ளரில் இன்னொருவர் குடிப்பது எல்லாவற்றையும் கண்டு நான் முகம் சுளிக்கப் பழகிக்கொண்டேன். உடம்பு சுளிக்க வேண்டியதையெல்லாம் உடம்புக்குப் பதிலாக நான் சுளித்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் இடது காதோரம் ஒரு பொருக்கு வந்தது. உரித்தால் மறுபடி வந்தது. இந்த மாத்திரைகளைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்குத் தோலில் புற்றுநோய் வருவது சகஜம் என்று வெட்டி எடுத்த டாக்டர் சொன்னார், ஜலதோஷத்தைப் பற்றிச் சொல்கிற குரலில். காதில் பாதி போனது. கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் கழுத்தில் கட்டி கிளம்பியது. முதலில் நெல்லிக்காய் அளவு, பிறகு எலுமிச்சை அளவு, பிறகு நான் அளவு பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

புற்றுநோய் டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி. அதை அடைக்காமல் விட்டிருந்ததாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. அண்ணனும் நானும் எதிரே உட்கார்ந்திருந்தோம். இம்யூனோதெரபி என்று ஒரு மருந்து இருக்கிறது என்றாள். அது நேராகக் கட்டியைக் கொல்லாது. தூங்கும் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடும், அது எழுந்து கட்டியைத் தின்னும்.

"கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று அண்ணன் கேட்டான். தங்கை பிழைப்பாளா என்று கேட்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கக்கூட இல்லை, அவ்வளவு பழகிப்போயிருந்தது.

அவள் ஒளிக்கவில்லை. "வேண்டாததப் பாத்தா மூஞ்சி சுளிக்கிற புத்தி உடம்புக்கு உண்டு. மாத்திரை போட்டு அத மறக்க வச்சிருக்கோம். இந்த மருந்து ஞாபகப்படுத்திரும். ஆனா கட்டியப் பாத்து மட்டும்தான் சுளிக்கும்னு சொல்ல முடியாது. கிட்னியும் உங்களோடது இல்லையே. பத்துல நாலு பேருக்குக் கிட்னி போகலாம்னு சொல்றாங்க. பழைய மாத்திரைய நிறுத்திட்டு வேற தர்றேன், அது கொஞ்சம் காப்பாத்தும்."

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். வேறு வழி ஏதாவது இருக்கிறதா, இன்னொரு தடவை வெட்டிப் பார்க்கக் கூடாதா, கஷாயம் மாதிரி எதுவும் வேலைக்கு ஆகாதா என்று அடுக்கினான். அவள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"கிட்னி போனா மெஷின் இருக்கு. நீங்க போயிட்டா கிட்னிய வச்சு என்ன பண்றது?"

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டான். கூடத்தில் சத்தமாக ஒலிக்கும்படி வைத்திருந்தான். எல்லாரும் ஒரே பாட்டுத்தான். அவ்வளவு பெரிய தியாகத்தை வீணாக்கலாமா, அவன் வயிற்றைக் கிழித்துக் கொடுத்ததாயிற்றே, கொஞ்சம் யோசிக்கச் சொல். சீராகக் கொடுத்த அண்டாவை நான் பழைய இரும்புக் கடையில் போடப் போகிற மாதிரி பேசினார்கள். கழுத்தில் கட்டியோடு அதே கூடத்தில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட என்னிடம் போனைக் கொடு என்று கேட்கவில்லை. எனக்கு அந்தப் போனையே தொட அருவருப்பாக இருந்தது.

நான் மருந்து எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் ஆளே மாறிவிட்டான். சரிம்மா, உன் இஷ்டம் என்றான். முதல் தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வந்த மறுநாள் காலை, கையில் காப்பியோடு என் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றான். அடுப்படி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத மனிதன். அண்ணி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அன்று முதல் தினமும் காலைக் காப்பி அவன் கையால்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளும் அவனைப் பற்றி மனதுக்குள் எத்தனை கேவலமாக நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

காப்பி கொஞ்சம் கசந்தது. டம்ளர் அடியில் வெள்ளையாகத் துகள் நின்றது. ஆண்பிள்ளை போட்ட காப்பி, அப்படித்தான் இருக்கும் என்று குடித்தேன். நாள் முழுக்கப் பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைப்பவளுக்குக் கரையாத பொடி எப்படி இருக்கும் என்று தெரியாதா? தெரியும். பாசம் வந்து கண்ணை மறைத்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏறியது. கட்டி கரையவில்லை. வளர்ந்தது. தோல் மெலிந்து, பளபளத்து, ஒருநாள் உடைந்து நீர் வடிய ஆரம்பித்தது. எலி செத்த வாடை. லேபில் பக்கத்து மேஜைக்காரி ஜன்னல் வெளிச்சம் வேண்டும் என்று சொல்லி இடம் மாறினாள். அவள் மாறிய இடத்தில் ஜன்னலே இல்லை. காலையில் எழுந்தால் தலையணை உறை கழுத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். என்னை எனக்கே தொடப் பிடிக்கவில்லை. சோற்றைப் பார்த்தால் ஓங்கரித்தது.

கிட்னி மட்டும் ஜம்மென்று இருந்தது. ஒவ்வொரு தடவை ரத்தம் பார்த்துவிட்டு வந்ததும் அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதல் ரேங்க் வாங்கிய மாதிரி ஒரு பூரிப்பு. "அசைஞ்சு குடுக்கலியே, பாத்தியா? யாரோடதுன்னு நெனச்சே?" என்பான். என் கழுத்துக் கட்டு நனைந்து தோளில் இறங்கிக்கொண்டிருக்கும். அவன் கண் அதற்கு மேலேயோ கீழேயோ பார்க்கும்.

நாலாவது தடவை போனபோது டாக்டர் அண்ணனை வெளியே உட்காரச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கிட்னி டாக்டர் பழைய வழக்கத்தில் பழைய மருந்தின் அளவையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

"நிறுத்தச் சொன்ன மாத்திரையப் போடறீங்களா?"

இல்லை என்றேன்.

"ரத்தத்துல இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல. நான் இந்தப் பக்கம் எழுப்பி விடறேன், யாரோ அந்தப் பக்கம் தாலாட்டுப் பாடறாங்க. பயமா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

அவள் நான்தான் திருட்டுத்தனமாகப் போடுகிறேன் என்று நினைக்கிறாள். மாத்திரைப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொன்றையும் எனக்கு நிறம் பார்த்தே தெரியும். ஆயிரம் வெள்ளையில் ஒரு வெள்ளையைப் பிரித்துச் சொல்வது என் பிழைப்பு. பெட்டியில் பழையது இல்லை. அப்படியானால் வாய்க்குள் வேறு எது போகிறது என்று யோசித்தேன். ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. வெளியே வந்தபோது அண்ணன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அவனுக்கு முன்னால் எழுந்து, அடுப்படிக் கதவோரம் நின்றேன். வந்தான். பாலைக் காய்ச்சினான். மேல் தட்டிலிருந்து பருப்பு டப்பாவை இறக்கி, பருப்புக்குள் விரலை விட்டுத் துழாவி, என் பழைய மாத்திரைக் குப்பியை எடுத்தான். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கேப்ஸ்யூலின் இரண்டு மூடியையும் நகத்தால் பிரித்து, உள்ளே இருந்த பொடியை டம்ளரில் தட்டினான். ஆட்காட்டி விரலை விட்டுக் கலக்கினான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கழிவறையில் எட்டிப் பார்க்கும் அதே பார்வை.

அந்த விரலை இத்தனை நாளும் குடித்திருக்கிறேன் என்பதுதான் முதலில் தோன்றியது. கட்டி அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

திடுக்கிட்டான். டம்ளரை மட்டும் சிந்தவிடவில்லை. முதல் ஊசியிலிருந்து என்றான். தினம் ஒன்றே ஒன்றுதான் போடுகிறேன், முன்னே மாதிரி நிறைய இல்லை என்றான், ஏதோ எனக்குச் சலுகை செய்த மாதிரி.

"கட்டி கரையும்னு யாராவது அடிச்சுச் சொன்னாங்களா? கிட்னி போகும்னுதான் தெளிவா சொன்னாங்க. டயாலிசிஸ்ல கிடந்தப்ப உன் வாயத் தொறந்தா மூத்திர வாடை அடிக்கும். உனக்குத் தெரியாது. பக்கத்துல உக்காந்திருந்தவன் நான். திரும்ப அதப் பாக்க என்னால ஆகாதும்மா."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய்த் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் குமட்டலாக இருந்தது.

"என் கழுத்து அழுகுறதப் பாத்துட்டேதானே இருந்தே?"

பதிலைத் தேடினான். கிடைத்தது.

"அது உன்னோடது. கிட்னி என்னோடது."

சொல்லிவிட்டு, தான் சொன்னதில் தப்பு ஏதும் தெரியாமல் என் முகத்தையே பார்த்தான். டம்ளரை நீட்டினான். ஆறிடும், குடி என்றான்.

நான் கழுவும் தொட்டிக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். வெறும் வயிறு, மஞ்சளாகப் பித்தம்தான் வந்தது. நிமிர்ந்தபோது அண்ணி வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. அதிகம் பேசாதவள். பருப்பு டப்பாவைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"அவருக்கு வாழ்க்கைல சொல்லிக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றாள், அவன் அங்கே இல்லாதது போல. "நீ கிளம்பு. துணியெல்லாம் நான் எடுத்து வைக்கிறேன்."

லேபுக்கு மேல் மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. பிளாஸ்டர் மூட்டைகளை ஒதுக்கிவிட்டுக் கட்டில் போட்டுக்கொண்டேன். என் மாத்திரையை நானே எடுத்தேன், என் காப்பியை நானே போட்டேன், கழிவறைக் கதவைத் தாளிட்டுக்கொண்டு உள்ளே இஷ்டம்போல உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கழுத்தில் அந்தக் கண்றாவியோடும் அந்த வாரங்கள் நிம்மதியாக இருந்தன. டாக்டர் மருந்தைத் தொடர்ந்தாள். எதற்கும் தயாராக இருங்கள் என்றாள். இருந்தேன்.

உடம்பு விழித்துக்கொண்டது. அடுத்த மருந்துக்குப் பிறகு கட்டி சிவந்து, சூடாகி, வீங்கியது. மோசமாகிறது என்று நினைத்தேன். பிறகு வடிவது நின்றது. ஓரம் காய்ந்து சுருங்கியது. ஒரு நாள் காலை தலையணை உறை ஒட்டாமல் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரி பழைய இடத்துக்குத் திரும்பி வந்தாள். அங்கே வெளிச்சம் போதவில்லையாம்.

விழித்த உடம்பு அதோடு நிற்கவில்லை. அடிவயிற்றில் வலது பக்கம், கிட்னி வைத்த இடம், கல் மாதிரி கனத்தது. கால் வீங்கியது. சிறுநீர் குறைந்தது, பிறகு சிவந்தது, பிறகு நின்றே போனது. கிட்னி டாக்டர் என்னென்னவோ ஊசி போட்டுப் பார்த்தார். கடைசியில் கையை விரித்தார். வெட்டி எடுக்கவில்லை, அவசியம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். உள்ளேயே செத்துக் கிடக்கிறது. படுக்கையில் புரண்டால் கைக்குத் தட்டுப்படுகிறது. எனக்கு அதன்மேல் கோபம் கிடையாது. பன்னிரண்டு வருஷம் உழைத்தது. அது யாரோடது என்று அது ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை.

இப்போது வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். பெரிய கூடம், வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், மெஷின்களின் சத்தம். ஸ்பிரிட் வாடையும், பக்கத்து நாற்காலிக்காரர் ரகசியமாகத் தின்னும் ஊறுகாய் வாடையும். வாய்க்குள் எனக்கே அந்தப் பழைய நாற்றம் தெரிகிறது. அண்ணன் சொன்னது வாஸ்தவம்தான். கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். சுருங்கிய தழும்பு, வேறொன்றும் இல்லை.

போன வாரம் அண்ணன் வந்தான். அவனை அவ்வளவு சின்ன ஆளாக நான் பார்த்ததே இல்லை. சட்டையின் பொத்தான் கழுத்து வரை போட்டிருந்தான். கையில் ஃபிளாஸ்க். மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். என் ரத்தம் குழாயில் சுற்றி வருவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நர்ஸ் வந்து, கூட இருப்பவர் யார், பேஷண்டுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

அண்ணனின் கை, பழக்கத்தில், என் முதுகைத் தேடி வந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்ததால் முதுகு அகப்படவில்லை. "இதுதான் என்..." என்று ஆரம்பித்து நின்றான். வாய் திறந்தபடியே இருந்தது. கீழ்வரிசையில் ஒரு பல் காரை பிடித்திருந்தது. அண்ணி கவனிப்பதை விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

"தங்கச்சி" என்றான்.

நர்ஸ் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கின் மூடியில் காப்பியை ஊற்றினான். பாதிக்கு மேல் ஊற்றவில்லை. தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான். நீட்டினான்.

"மொதல்ல நீ குடி" என்றேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் ஊறுகாயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அண்ணனுக்குப் புரிந்தது. முகம் கறுத்தது. மூடியை வாயில் வைத்து, எனக்குத் தெரிகிற மாதிரி தொண்டை ஏறி இறங்க ஒரு வாய் குடித்தான். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு வாய். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தை மறுபடி என்னிடம் நீட்டினான்.

மூடியின் விளிம்பில் அவன் உதடு பட்ட ஈரம் தெரிந்தது.

"எச்சில்" என்றேன். "நீயே குடிச்சிரு."